சுமாராய்ப் படிப்பவர்களின் வக்கீல்

ஊரணிப்பட்டி அரசு உயர்நிலைப் பள்ளியின் வாசலில் ஒச்சம்மாள் தலையைக் காட்டினால் போதும், ஆசிரியர்களுக்குத் திடீர் திடீரென்று வேலை முளைத்துவிடும். ஒருவர் ஆய்வகச் சாவியைத் தேடிக் கிளம்புவார். இன்னொருவர் யாரும் கூப்பிடாத போனைக் காதில் வைத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்குவார். இத்தனைக்கும் அவள் யாரையும் திட்டியதில்லை. வருவாள், கிடைத்த நாற்காலியில் உட்காருவாள், கேட்க வந்ததைக் கேட்பாள், பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டாள். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கே இந்தக் கலவரம்.

அவள் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. பதவி வந்த விதத்தை அவளே மறைப்பதில்லை. பெற்றோரில் ஒருவரைத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போட்ட அன்று அவள் ஒரு அதிகாலைக் கல்யாண வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். மின்விசிறிக்குக் கீழே முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தாள், கண் அசந்துவிட்டாள். கைதட்டல் சத்தத்தில் விழித்து, எல்லோரும் தட்டுகிறார்களே என்று தானும் தட்டினாள். தட்டியது தனக்குத்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. தூங்கி வழிகிற தலைவி தொந்தரவு தரமாட்டாள் என்று பள்ளியில் அன்றைக்கு எல்லோருக்கும் ரொம்பத் திருப்தி.

பிழைப்புக்கு அவள் கேட்டரிங் வேலைக்குப் போகிறாள். முகூர்த்த நாட்களில் காளவாசலில் வந்து நிற்கிற வேனில் ஏறினால் மதுரையின் ஏதாவது ஒரு மண்டபத்தில் கொண்டுபோய் இறக்குவார்கள். அரக்குக் கலர் யூனிபார்ம் சேலை, தலையில் வலைத் தொப்பி, கையில் வாளி. பந்தி பரிமாறுவதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. எல்லோரும் வரிசையின் தலையிலிருந்து பரிமாறினால் அவள் வாலிலிருந்து தொடங்குவாள். தலைப்பக்கம் உட்கார்கிறவர்கள் சத்தம் போட்டாவது இரண்டாவது வடையை வாங்கிக்கொள்வார்கள். வாலில் இருக்கிறவர்கள் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு, கேட்கக் கூச்சப்பட்டு, ரசத்தோடு எழுந்து போய்விடுவார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு.

பள்ளிக்கூடத்தையும் அவள் பந்தியாகத்தான் பார்த்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு ஊரே ஓடிவரும். கோயில் கமிட்டி கேடயம் கொடுக்கும், யாராவது ஒரு டிரஸ்ட் லேப்டாப் வாங்கித் தரும், பேப்பரில் படம் வரும். சுமாராகப் படிக்கிற பிள்ளைக்கு யார் வருவார்? ஒச்சம்மாள் எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள். படிப்பில் அவள் புலி ஒன்றும் இல்லை, நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவே போய்வந்து கொண்டிருந்தவள். அதனாலேயே நிறுத்தியபோது வீட்டில் ஒருவரும் வருத்தப்படவில்லை. டீச்சர்கூட ஏன் என்று கேட்டு ஒரு எட்டு வந்து பார்க்கவில்லை. அந்த வருத்தம் அவளுக்கு இன்றைக்கும் இருக்கிறது.

பவதாரிணியும் அப்படி ஒரு சுமாரான பிள்ளைதான். ஊருக்குக் கிழக்கே ஓடையைத் தாண்டினால் வரும் காலனியில் வீடு. அப்பா கண்ணுச்சாமிக்குக் கொத்தனாருக்குக் கையாள் வேலை. பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள், மதிப்பெண்கள்தான் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் நர்ஸ் ஆக வேண்டும் என்று அவளுக்கு ஆசை, அதற்கு அறிவியல் பிரிவில் பதினொன்றாம் வகுப்பு வேண்டும். ஊர்ப் பள்ளி பத்தோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் திருநகர்ப் பக்கம் ஒரு அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி இருந்தது. அங்கே இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதைக் கேள்விப்பட்டு, வெளியூர் நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடும் ஏஜென்ட் ஒருவர் கண்ணுச்சாமி வீட்டுக்கு வந்து போனார். தங்க இடம், சாப்பாடு, எல்லாம் மில்லே பார்த்துக்கொள்ளும் என்றார். வெள்ளிக்கிழமை வேன் வரும், பெண் சும்மா இருந்தால் ஏற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒச்சம்மாளின் சொந்தக்காரர்களுக்கு அவள் இதில் தலையிட்டது பிடிக்கவில்லை. காலனிப் பிள்ளைக்கு நீ எதற்கு அலைகிறாய் என்று மாமியார் கேட்டார், கொழுந்தன் கேட்டான், குழாயடியில் எல்லோரும் கேட்டார்கள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

திருநகர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் பாண்டியராஜன் கெட்டவர் இல்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, குழாய் ஒழுகினால் தானே போய் மூடுகிற மனிதர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு நோய், நூறு சதவீதத் தேர்ச்சி. பன்னிரண்டாம் வகுப்பில் வருடா வருடம் நூறு என்று அவர் அறைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த நூறு வருகிற வழி சுலபமானது. தவறிவிடுவார்களோ என்று சந்தேகம் வருகிற யாரையும் பதினொன்றில் சேர்க்கவே மாட்டார். மழை நாளில் துணி காயாதென்று துவைக்காமலே விடுவது போன்ற ஏற்பாடு.

முதல் தடவை ஒச்சம்மாள் போனபோது இடமெல்லாம் முடிந்துவிட்டது என்றார். இரண்டாம் தடவை, இடம் இருக்கிறது, ஆனால் இந்த மார்க்கோடு அறிவியல் எடுத்தால் பிள்ளை சிரமப்படும் என்று மிகவும் கனிவாகச் சொன்னார். நீங்கள் ஊர்ப் பள்ளிக்குத்தானே தலைவி, இங்கே உங்களுக்கு என்ன வேலை என்றும் கேட்டுப் பார்த்தார். எங்கள் பள்ளிப் பிள்ளை, கட்டிக்கொடுத்த பிள்ளையாக இருந்தாலும் போய்ப் பார்ப்போம் இல்லையா என்றாள் அவள். மூன்றாம் தடவை சட்டம் இருக்கிறது சார் என்று சொல்லிப் பார்த்தாள். எந்தச் சட்டம் என்று அவளுக்குத் தெரியாது. அவருக்கு நன்றாகத் தெரியும், அதனால் அவரும் கேட்கவில்லை. பார்க்கலாம் என்றார்.

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தமென்று பந்தி பரிமாறுகிறவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அண்டாவில் பாயசம் தீர்ந்துபோன பிறகு சமையல் மாஸ்டர் சிரித்த முகத்தோடு "இந்தா வருது" என்பாரே, அதேதான்.

பள்ளி திறந்த அன்று அவளுக்குக் கோரிப்பாளையத்தில் ஒரு மண்டபத்தில் வேலை. அதற்குப் போகிற வழியில், யூனிபார்ம் சேலையோடு, பவதாரிணியைப் பழைய பள்ளிச் சீருடையில் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். திருநகர்ப் பள்ளி வாசலைத் தாண்டி, அலுவலகத்தைத் தாண்டி, விசாரித்துக்கொண்டு பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவுக்குள் நுழைந்தாள். இரண்டாவது பெஞ்சில் இடம் இருந்தது. பிள்ளையை உட்கார வைத்து, பையை மடியில் வைத்து, தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தாள். வகுப்பாசிரியை திவ்யா, இவர் யார், எந்த விசேஷத்துக்கு வந்திருக்கிறார் என்று புரியாமல் நின்றார். செய்தி போய்ப் பாண்டியராஜன் வேகமாக வந்து சேர்ந்தார்.

"என்னம்மா இது? அட்மிஷனே போடலையே."

"போடுங்க சார், பையப் பையப் போடுங்க. பிள்ளை உக்காந்துருச்சு. பந்தியில உக்காந்தவகளை எந்திரின்னு சொல்ற பழக்கம் நம்ம பக்கத்துல உண்டா சார்?"

பாண்டியராஜனுக்கு உசிலம்பட்டிப் பக்கம். அவருடைய சித்தப்பா வீட்டுக் காதுகுத்தில், பெரிய மனிதர் ஒருவர் வந்துவிட்டாரென்று பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு சம்பந்தியை எழுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு குடும்பமும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை, பொண்ணு கொடுத்து எடுப்பதும் நின்றுபோய்விட்டது. சட்டத்துக்கு அசராத மனிதர் இதற்கு அசந்துவிட்டார். பெஞ்சைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். சரி, இன்றைக்கு உட்காரட்டும் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

இன்றைக்கு என்பது நாளைக்கும் ஆயிற்று, அதற்கு மறுநாளும் ஆயிற்று. எழுப்பவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. காலையில் திவ்யா டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பவதாரிணி பேர் அதில் இல்லை. எல்லோரும் எழுந்து எழுந்து உட்காரும்போது அவள் மட்டும் தலையைக் குனிந்து, பெஞ்சு மரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் இருந்த பெண்களில் ஒருத்தி, நீ சும்மா பார்க்க வந்திருக்கியா என்று கேட்டாளாம். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டிருக்கிறாள். அதை வீட்டில் சொல்லி அழுதிருக்கிறாள் பிள்ளை.

புதன்கிழமை சாயங்காலம் கண்ணுச்சாமி ஓடைப் பாலத்தில் ஒச்சம்மாளை நிறுத்தி, பேர் ஏறிவிட்டதா என்று கேட்டார். ஏறிவிடும் என்றாள். ஏறிவிட்டதா, ஏறிவிடுமா என்று அவர் திரும்பவும் கேட்டார். ஏஜென்ட் தினமும் போன் போடுவதாகவும், பேர் இல்லாத இடத்தில் பிள்ளையை உட்கார வைத்து அவமானப்படுத்துவதற்கு மில்லே தேவலை என்று வீட்டில் சொல்வதாகவும் அவர் சொன்னார். அன்றைக்குத்தான் ஒச்சம்மாளுக்குப் பயம் வந்தது. போன இடத்திலெல்லாம் தானே உட்கார்ந்து ஜெயித்தவள், இங்கே தனக்குப் பதிலாக ஒரு சின்னப் பிள்ளையை உட்கார வைத்துவிட்டோமே என்று நினைத்தாள். அந்தப் பிள்ளை வேனில் ஏறினால் அது இத்தனை நாள் பட்ட கூச்சத்தால்தான், அந்தக் கூச்சம் தன்னால் வந்ததுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

இந்த நேரத்தில்தான் அவள் தம்பி சங்கிலி உதவி செய்யக் கிளம்பினான். அவனை யாரும் கேட்கவில்லை.

சங்கிலி குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். அது தொழில். அவனுடைய உண்மையான திறமை பிளெக்ஸ் வைப்பது. பிறந்தநாள், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கிரகப்பிரவேசம், மச்சினன் துபாயிலிருந்து லீவுக்கு வந்தது, அதே மச்சினன் திரும்பிப் போனது எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறான். நல்ல செய்தி காதில் விழுந்தால் மற்றவர்கள் இனிப்பு வாங்கப் போவார்கள், சங்கிலி வண்டியைக் காளவாசல் பிளெக்ஸ் கடைக்கு விடுவான். தினமும் காலையில் பவதாரிணி பையோடு திருநகர்ப் பள்ளிக்குள் போவதை அவன் லோடு ஏற்றிப் போகும்போது பார்த்தான். உள்ளே போகிறாள் என்றால் இடம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டான். அக்கா ஒரு காரியத்தைச் சாதித்துவிட்டாள், வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள், தம்பி எதற்கு இருக்கிறான்?

வியாழக்கிழமை காலை, வேலை முடிந்து வேனில் வந்துகொண்டிருந்த ஒச்சம்மாள் திருநகர்ப் பள்ளி வாசலைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு கம்புகளுக்கு நடுவே ஒரு பிரம்மாண்டமான பிளெக்ஸ். நடுவில் பாண்டியராஜன் கைகூப்பி நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு சிங்கம் கர்ஜிக்கிறது, அது கடைக்காரப் பையன்களின் கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராக இருக்கும் சிங்கம். "எங்கள் ஊர் மகள் பவதாரிணிக்குப் பதினோராம் வகுப்பில் இடம் வழங்கிய ஏழைகளின் விடிவெள்ளியே, வருக வருக" என்று மஞ்சள் எழுத்து. அவர் தினமும் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறார் என்பது வேறு விஷயம். கீழே வரிசையாகச் சங்கிலியின் பங்காளிகள், மாப்பிள்ளைமார், துபாய் மச்சினன் உட்பட எல்லா முகமும். ஓரத்தில் சங்கிலி போனைக் காதில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறான்.

முடிந்தது என்று நினைத்தாள் ஒச்சம்மாள். கொடுக்காத சீட்டுக்கு நன்றி சொல்லி அந்த மனிதரை நடுரோட்டில் நிறுத்தியாகிவிட்டது, இனி உட்கார்ந்திருக்கிற பெஞ்சும் போய்விடும். பையிலிருந்த காய்கறிக் கத்தியை எடுத்துக்கொண்டு கயிற்றை அறுத்துவிடலாம் என்று இறங்கி ஓடினாள். கம்புக்குப் பின்னால் பாண்டியராஜன் நின்றுகொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தபடி எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை.

அவர் கேட்ட முதல் கேள்வி அவள் எதிர்பார்த்ததல்ல. "இந்தப் போட்டோ எங்கன எடுத்தாகம்மா?"

பள்ளியின் பேஸ்புக்கில் ஏதோ ஆண்டுவிழாப் படம் இருந்திருக்கும், அதிலிருந்து எடுத்திருப்பான் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கத்தியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இத்தனை வருட சர்வீஸில் தன்னை யாரும் பிளெக்ஸில் போட்டதில்லை என்று அவர் மெதுவாகச் சொன்னார். படம் கொஞ்சம் இளமையாக இருக்கிறதோ என்றும் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். பொய்தான், ஆனால் பிள்ளை படிப்புக்காகச் சொன்னது.

அப்போது அவர் போன் அடித்தது. உசிலம்பட்டியிலிருந்து மச்சினர். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அதற்குள் சொந்தக்காரர்கள் குரூப்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஏழைப் பிள்ளைக்கு மார்க் பார்க்காமல் இடம் கொடுத்த உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது மாப்ள என்று மச்சினர் சத்தமாகச் சொல்வது ஒச்சம்மாளுக்கே கேட்டது. பாண்டியராஜன் தொண்டையைச் செருமினார். ஏதோ நம்மால் முடிந்தது என்றார். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அவளைப் பார்த்தார், சிங்கத்தைப் பார்த்தார். அந்தப் பிளெக்ஸை அவிழ்க்கச் சொல்லலாம். ஆனால் அத்தனை பங்காளிகளின் முகத்தில் கைவைக்க மதுரைப் பக்கம் யாருக்குத் தைரியம் வரும்?

"பிள்ளையோட டி.சி. கொண்டாந்திருக்கீகளா?" என்று கேட்டார்.

டி.சி. பவதாரிணியின் பையிலேயே இருந்தது. அப்பாவின் கையெழுத்துதான் வேண்டும். ஒச்சம்மாள் தம்பிக்குப் போன் போட்டு, திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன், முதலில் கண்ணுச்சாமியை ஏற்றிக்கொண்டு வா என்றாள். அவர்கள் வருவதற்குள், இங்கே மார்க் பார்க்காமல் இடம் தருகிறார்களாமே என்று இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். இரண்டு பேருமே முன்பு திருப்பி அனுப்பப்பட்டவர்கள். பாண்டியராஜன் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நூறு போச்சு என்றார். தொண்ணூறு வாங்கினாலும் பாஸ்தானே சார் என்று ஒச்சம்மாள் ஆறுதல் சொன்னாள். இந்த ஆறுதல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

சங்கிலி வந்து இறங்கியதும் அவள் திட்டுவதைத் தொடங்கிவிட்டாள். இத்தனை தடியன்கள் படம் இருக்கிறதே, இடம் கிடைத்த பிள்ளையின் படம் எங்கே என்று கேட்டாள். பொம்பளப் பிள்ளை படத்தை ரோட்டில் போடலாமாக்கா என்றான். உன் மூஞ்சியைப் போடலாமாக்கும் என்றாள். கண்ணுச்சாமிக்கு இது எதுவும் காதில் விழவில்லை. வண்டியிலிருந்து இறங்கியவர் பிளெக்ஸ் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். மகள் பேரைப் படித்தார். பிறகு அதற்கு முன்னால் இருந்ததைப் படித்தார்.

"எங்கள் ஊர் மகள்னு போட்டிருக்காக," என்றார்.

ஊரணிப்பட்டியில் ஓட்டுக்கும் அறுப்புக்கும்தான் காலனி ஊரோடு சேர்த்தி. மற்ற நாளெல்லாம் ஊர் வேறு, காலனி வேறு. சங்கிலி யோசித்துப் போட்ட வார்த்தை இல்லை அது. சடங்கானாலும் கல்யாணமானாலும் கடைக்காரப் பையன்கள் அப்படித்தான் அடிப்பார்கள், இதற்கும் அப்படியே அடித்துவிட்டார்கள். இத்தனை நாள் அலைந்த ஒச்சம்மாளே ஊருக்குள் பேசும்போது அந்தப் பிள்ளையைக் காலனிப் பிள்ளை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அது இப்போது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தம்பியைத் திட்டுவதை நிறுத்திக்கொண்டாள்.

கண்ணுச்சாமி கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, அவர்கள் முன்னாலேயே ஏஜென்டுக்குப் போன் போட்டார். "இல்லண்ணே, நாளைக்கு வர வேண்டாம். ஊர்ப் பிள்ளைன்னு ஊரே போர்டு வச்சுருச்சு. இனிமே அனுப்புனா நான் இந்த ரோட்டுல எப்படி நடக்குறது?"

மறுநாள் வெள்ளிக்கிழமை ஒச்சம்மாளுக்கு வேலை இல்லை. பேர் ஏறிவிட்டது என்று பாண்டியராஜன் சொன்னால் மட்டும் போதாது, தன் காதால் கேட்க வேண்டும் என்று வந்து வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே நின்றாள். திவ்யா டீச்சர் பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியாக எழுந்து, உள்ளேன் டீச்சர் என்று சொல்லி உட்கார்ந்தார்கள். எல்லாப் பேரும் முடிந்து, புதிதாக எழுதிய பேர் கடைசியில் வந்தது.

பவதாரிணி என்று கூப்பிட்டார் டீச்சர். பதில் இல்லை. பிள்ளை தலையைக் குனிந்து, வழக்கம் போலப் பெஞ்சைக் கீறிக்கொண்டிருந்தாள். டீச்சர் கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை கூப்பிட்டார். அவள் நிமிரவே இல்லை. பேர் கூப்பிடும் நேரம் தனக்கில்லை என்று அவள் காது இந்த ஒரு வாரத்தில் பழகிப்போயிருந்தது. டீச்சரின் பேனா, ஆள் வரவில்லை என்று குறிக்கப் பதிவேட்டின் மேல் இறங்கியது.

"உள்ளேன் டீச்சர்," என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒச்சம்மாள் சொன்னாள்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. திவ்யா டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க இல்லம்மா," என்றார்.

"தெரியும் டீச்சர். பிள்ளைக்குக் கூப்பிட்டுப் பழக்கமில்ல. இன்னொருக்கா கூப்பிடுங்க, அவ எந்திரிப்பா."

டீச்சர் பேனாவை விலக்கிவிட்டு மறுபடியும் கூப்பிட்டார். பவதாரிணி எழுந்து நின்றாள்.